சத்தம் வராத பந்து

ஜனவரி 7, ஞாயிறு

உரக்கடையில் கொடுத்த டைரி. போன வருஷம் கொடுத்ததில் பால் வராத நாட்களை மட்டும் குறித்து வைத்திருந்தேன். இந்த வருஷம் இதற்கு வேறு வேலை இருக்கிறது. என் பேத்தி வெயிலுகந்தாள் இன்று முதல் பெரிய பெண்கள் ஆடும் ஹாக்கி அணியில் ஆடுகிறாள். வயது பதினேழு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். அவள் அம்மையும் அப்பனும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். அங்கே மைதானம் இல்லை என்று இவள் கோவில்பட்டியில் என்னோடு நின்றுகொண்டாள்.

ஹாக்கி மன்றத்தில் புதுப் பிள்ளைகளை முதல் பருவம் தற்காலிகமாகத்தான் எடுப்பார்களாம். ஏழு வாரம் ஆட்டம். மார்ச் முதல் தேதி மதிப்பீட்டுத் தாள் கொடுப்பார்கள். கடைசியில் ‘தொடரலாம்’ என்று எழுதினால் அணியில் இருக்கலாம், காலேஜிலும் விளையாட்டுக்கென்று வைத்திருக்கும் இடம் கிடைக்கும். எழுதாவிட்டால் ஏப்ரலில் திருப்பூர். துணி மடிக்கிற வேலைக்கு என் மகன் இப்போதே சொல்லி வைத்துவிட்டான்.

ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தில் தண்ணீர் பீய்ச்சினார்கள். ஊரில் எட்டு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வருகிறது, அங்கே தரையில் விரித்த பச்சைப் பாய்க்குக் குளிப்பாட்டு. வெயிலுவை மூன்றாவது கால் மணி நேரத்தில்தான் இறக்கினார்கள். பத்தொன்பதாம் நம்பர் சட்டை. டொக் என்று ஒரு சத்தம், உடனே கோல் பலகையில் டமார் என்று ஒரு சத்தம். பந்தலில் உட்கார்ந்திருந்த எல்லாரும் எழுந்துவிட்டார்கள். எனக்கு வெயில் முகத்தில் அடித்தது. அதனால் பக்கத்தில் இருந்த எங்கள் தெரு ஜக்கம்மாவிடம், “யாரு?” என்று கேட்டேன்.

“உம்ம பேத்திதான் மதினி! கண்ணு முன்னால அடிக்கா, யாருன்னு கேக்கீரு!”

தீப்பெட்டி ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் லேபிள் ஒட்டியவள் நான். வேலையை விட்டு நின்றபோது ஒரு கட்டு லேபிள் மிச்சம் கையோடு வந்தது. கிளி படம். இந்தப் பக்கத்தில் ஒன்று ஒட்டியிருக்கிறேன். ஒரு கோலுக்கு ஒரு கிளி.

ஜனவரி 8, திங்கள்

மிளகாய் காயப் போட்டேன். மைதாப் பசை காய்ந்து கிளி நன்றாகப் பிடித்திருக்கிறது.

ஜனவரி 14, ஞாயிறு

இரண்டு கிளி!

ஒலிபெருக்கியில் பேசியவருக்கு அவள் பெயர் வாயில் நுழையவில்லை. வெயில்... வெயில்காந்தி... என்று இழுத்துவிட்டு, கடைசியில் “பத்தொன்பது” என்றார். ஜக்கம்மா என்னை இடித்தாள். “பேரு வச்ச மகராசி நீருதான? வாயில நுழையுத மாதிரி சின்னதா ஒண்ணு வச்சிருக்கக் கூடாதா?”

“என் அம்மன் பேருட்டி அது. அவுக பழகிக்கிடட்டும்.”

பொழுது சாய மகன் போன் செய்தான். மூன்று கோல் என்றேன். “நல்லதும்மா” என்றான். பிறகு, “தாள்ல என்ன வருதுன்னு பாப்போம்” என்றான். மூன்று கோல் அடித்தவளுக்குத் தாளில் என்ன வரும்? நாளைப் பொங்கலுக்குக் கரும்பு வாங்கியாயிற்று.

ஜனவரி 21, ஞாயிறு

இன்று கிளி இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

எதிராளி தப்பாக ஆடினால் பெனால்டி கார்னர் என்று கொடுக்கிறார்கள். ஒருத்தி கோலுக்குப் பக்கத்தில் கடைசிக் கோட்டில் நின்று பந்தை வெளியே தள்ள வேண்டும். தூரத்தில் நிற்கிறவர்கள் அதை நிறுத்தி அடிப்பார்கள். அடிக்கிறவள் கேப்டன் இசக்கி. தள்ளுகிற வேலைக்கு என் பேத்தியை நிறுத்திவிட்டார்கள். ஒரு கால் கோட்டுக்கு வெளியே. வாசலில் செருப்புக்குக் காவல் வைத்தமாதிரி.

இசக்கி இரண்டு அடித்தாள். ஊரே இசக்கி, இசக்கி என்றது.

ஜனவரி 23, செவ்வாய்

சீனிக்கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு பியூலா டீச்சரைப் பார்க்கப் போனேன். அவர்தான் இவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. மூன்று கோல் அடித்தவளை ஓரத்தில் நிறுத்தியது ஏன் என்று கேட்டேன், அவ்வளவுதான். டீச்சர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

“ஆச்சி, அந்த இடத்துக்கு எட்டு வருஷமா ஆள் தேடுறேன். இவ மணிக்கட்டு அப்படி. இவ தள்ளுனா பந்து துள்ளாது.”

சமாதானத்துக்கு எதையாவது சொல்லுவார்கள். கிழங்கை வாங்கிக்கொண்டார்.

வெயிலு வந்து ஸ்டிக்கைச் சுவரில் சாய்த்த வேகத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது. “மானம் போச்சு ஆச்சி. கிரவுண்டு கேட்டு வரைக்கும் உன் சத்தம் கேட்டுச்சாம்.” சாப்பிடாமல் படுத்துவிட்டாள். கேட் ஒன்றும் அவ்வளவு தூரமில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

கிளி இல்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

கிளி இல்லை. இசக்கி இரண்டு. வெயிலுவுக்கு முழங்கையில் தோல் உரிந்திருந்தது, தேங்காய் எண்ணெய் போட்டேன். எதிராளிகள் பந்தோடு வந்தால் இவள்தான் முதலில் போய் விழுகிறாளாம். எதற்கு விழ வேண்டும்?

ஜக்கம்மா கேட்டாள்: “என்ன மதினி, கிளியெல்லாம் பறந்து போச்சா?”

அடுத்த வாரம் தனியாகப் போய் உட்காரலாம் என்றிருக்கிறேன். ஆனால் வெயில் நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் நல்லதுதான். யார் அடித்தது என்று சொல்லவாவது.

பிப்ரவரி 6, செவ்வாய்

ரேஷனில் பருப்பு வந்திருக்கிறது. அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தேன். வெயிலு வந்து, “நீ எந்திரி, நான் பாக்கேன்” என்று முறத்தை வாங்கிக்கொண்டாள். நேற்று சோற்றில் கல் கிடந்ததாம். அரிசி அப்படி.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம். அரையிறுதிக்குப் போகிறோம். இசக்கி மூன்று. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெயிலு தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். சிரித்துக்கொண்டுதான் வந்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

“நல்லா ஆடுனேனா ஆச்சி?”

“மோர் இருக்கு, குடி” என்றேன்.

பிப்ரவரி 17, சனி

நாளை அரையிறுதி. தேர்வுக் குழுவில் எல்லாரும் வந்து உட்காருவார்களாம். சாயங்காலம் வெயிலு ஸ்டிக்கின் பிடியில் நாடா சுற்றிக்கொண்டிருந்தாள். நான் பூண்டு உரித்தேன். பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். சீக்கிரம் படுத்துவிட்டாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

தோற்றுவிட்டோம்.

ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. நம்முடையது இசக்கி அடித்தது. முடிய இரண்டு நிமிஷம். வெயிலு பந்தை வலது ஓரமாக இழுத்துக்கொண்டு கடைசிக் கோடு வரைக்கும் போய்விட்டாளாம். ஜக்கம்மா மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்: “ரெண்டு பேரத் தாண்டிட்டா... இசக்கி கோலுக்கு முன்னால நிக்கா, ஆளே இல்ல, தனியா நிக்கா, ஸ்டிக்கத் தரையில வச்சுக் கேக்கா... குடுட்டி... குடு...”

டொக்.

நல்ல சத்தம். நான் எழுந்துவிட்டேன். பலகைச் சத்தம் வரவில்லை. வலைக்கு வெளிப்பக்கம் பட்டுப் போய்விட்டது. அவர்கள் அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி இந்தப் பக்கம் கோல் போட்டுவிட்டார்கள்.

பந்தலில் ஒருத்தர் ஒருத்தராக எழுந்து போனார்கள். நான், “அடிச்சுப் பாத்தாள்லா” என்றேன். ஜக்கம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பிப்ரவரி 19, திங்கள்

தண்ணீர் வந்தது. பதினாலு குடம். வெயிலுதான் எல்லாம் தூக்கினாள்.

பிப்ரவரி 22, வியாழன்

இசக்கி வீட்டுக்கு வந்தாள். வெயிலு கடைக்குப் போயிருந்த நேரம். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றே நினைத்து, வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினேன்.

“உள்ள கூப்பிட மாட்டீகளா ஆச்சி? வெயில் கொளுத்துது.”

உட்கார்ந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். ஆட்டம் எல்லாவற்றையும் டீச்சர் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறாராம். அதை எனக்குக் காட்ட வந்தேன் என்றாள். படம் சின்னதாக இருந்தது. பெரிதாக்கு, இன்னும் பெரிதாக்கு என்றேன். கடைசியில் போனை என் மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து பிடித்தாள்.

“இவ கையப் பாருங்க. இங்கன. தள்ளுதால்லா? பந்து தரைய விட்டு ஒரு நூல் எந்திரிக்குதா பாருங்க.”

எழும்பவில்லை. இழுத்துக் கட்டின கயிற்றில் ஓடுகிறமாதிரி வந்து இசக்கிக்கு நேராக நின்றது.

“மத்தவ தள்ளுனா குதிச்சு வரும். அதத் தடுத்து நிறுத்துறதுக்குள்ள அவுக ஓடி வந்துருவாக. இந்த வருஷம் நான் பதினொண்ணு அடிச்சிருக்கேன். அதுல ஏழு இவ தள்ளுனது. என் பேரச் சொல்லிக் கத்துதீகளே, பாதிச் சத்தம் இவளுக்குப் போகணும் ஆச்சி.”

ஒவ்வொரு தள்ளலாகக் காட்டச் சொல்லி எண்ணினேன். அரைமணி நேரம் ஆகியிருக்கும். இருபத்தாறு. ஒன்றுகூடத் தப்பவில்லை. எண்ணுவதில் நான் தவற மாட்டேன், ஆபீஸில் என் கட்டில் ஒரு லேபிள் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை.

அப்புறம் நான் கேட்காமலே ஞாயிற்றுக்கிழமைப் படத்தையும் போட்டாள். அடிப்பதற்கு முன்னால் வெயிலு தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். இசக்கியைத்தான் பார்க்கிறாள். பிறகு தலையைக் குனிந்து அடிக்கிறாள்.

“டீச்சர் ஏன் குடுக்கலன்னு கேட்டாக. நீ நிக்கத நான் பாக்கலக்கான்னு சொல்லிட்டா. பாத்தா ஆச்சி. என் கண்ணப் பாத்தா. நாலு வாரமா ஒரு பந்தக்கூடத் தனக்குன்னு வச்சுக்காதவ. அன்னைக்கு என்ன ஆச்சுன்னு எனக்கு வெளங்கல. தாளு எழுதப் போறாக. வீட்டுல ஏதும் பிரச்சனையா ஆச்சி?”

“வீட்ல என்ன பிரச்சனை?” என்றேன்.

அவள் போன பிறகு இந்த டைரியை எடுத்தேன். பதினேழாம் தேதிப் பக்கத்தில் பூண்டு உரித்தேன் என்று இருக்கிறது. பூண்டு உரித்தது உண்மை. உரித்துக்கொண்டே நான் சொன்னது இது:

“மூணு கிளியோட புஸ்தகம் அப்படியே நிக்கி. பந்து பொறுக்கிப் போடவா உன்னய இங்க வச்சிக் கஞ்சி ஊத்துதேன்? நாளைக்கு ஒண்ணாவது அடி. அடிக்கலன்னா என்னய ஆச்சின்னு கூப்பிடாத.”

வெயிலு, “சரி” என்றாள். நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஆட்டம் இல்லாத ஞாயிறு. போர்வை துவைத்தேன். மைதாப் பசை காய்ச்சி, பழைய பக்கங்களில் ஏழு கிளி ஒட்டினேன். ஜனவரி 21-இல் ஒன்று, 28-இல் ஒன்று, பிப்ரவரி 4-இல் இரண்டு, 11-இல் இரண்டு. 18-இல் ஒன்று. அந்தப் பக்கத்தில் ஒட்டும்போது மட்டும் கொஞ்சம் கோணிவிட்டது.

மார்ச் 1, வெள்ளி

தாள் வந்துவிட்டது. வெயிலு வாசித்தாள், நான் கேட்டேன். குரலைப் பள்ளிக்கூடத்தில் வாசிக்கிறமாதிரி வைத்துக்கொண்டாள்.

“ஓட்டம், அஞ்சுக்கு நாலு. எதிராளியிடம் பந்தைப் பறித்தல், நாலரை. கார்னரில் பந்து தள்ளல், அஞ்சுக்கு அஞ்சு. கோல் அடித்தல், மூணு. முடிவெடுத்தல், ஒண்ணரை.” அடுத்த வரியில் நிறுத்தினாள்.

“வாசிட்டி.”

“நெருக்கடி நேரத்தில் பார்வையாளருக்காக ஆடுகிறார். அணிக்கு இது ஆபத்து.”

கீழே ‘தொடரலாமா?’ என்ற கட்டம் காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குழு கூடி நிரப்புமாம். அதற்கு முன்னால் பாதுகாவலர் கருத்து என்று நாலு வரி, கையெழுத்து. எல்லாரும் ‘நன்றி’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்றாள்.

“நீயும் நன்றின்னு போட்டிரு ஆச்சி. நான் மாவு அரைக்கப் போறேன்.”

பார்வையாளர் என்று போட்டிருக்கிறது. பந்தலில் முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். அது யாரென்று எனக்குத் தெரிகிறது.

மார்ச் 2, சனி

தாளில் நேரே எழுதினால் அடித்தல் திருத்தல் வரும் என்று இங்கே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

‘பிப்ரவரி 18 அன்று பந்தைக் கொடுக்காமல் அடித்தது என் பேச்சால். முந்தின நாள் நான் அவளை மிரட்டினேன். ஜனவரி மாதம் டீச்சரிடம் சத்தம் போட்டதும் நானாகத்தான், அவள் சொல்லி வரவில்லை. இருபத்தாறு தடவை பந்து தள்ளி இருக்கிறாள், ஒன்றும் தப்பவில்லை. பேத்தி என்பதற்காக எழுதவில்லை, எண்ணிப் பார்த்து எழுதுகிறேன். இப்படிக்கு, சீ. சீனியம்மாள்.’

நாலு வரியில் அடங்கவில்லை, ஓரத்தில் மேல்நோக்கி ஏறிவிட்டது. தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு நானே கொடுக்கப் போனேன். இந்தத் தடவை கிழங்கு இல்லை. டீச்சர் அங்கேயே நின்று வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இன்னொரு தடவை வாசித்தார்.

“அந்த ஆபத்துன்னு போட்ட வரிய அழிச்சிருங்க டீச்சர். அது எனக்கு எழுதின வரி” என்றேன்.

“அழிக்க மாட்டேன் ஆச்சி.”

“நான்தான எழுதியிருக்கேன், என் பேச்சாலன்னு?”

“நீங்க சொன்னீங்க, சரி. இன்னும் பத்து வருஷம் ஆடப் போற பிள்ளை. பந்தல்ல யாராவது ஒருத்தர் எப்பவும் சொல்லிட்டுத்தான் இருப்பாங்க. அடிச்ச கை அவ கை.” தாளை மடித்துக்கொண்டு, “நீங்க எழுதினத நாளைக்குக் குழுவுல வாசிக்கிறேன்” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. கேட் வரை கேட்கிறமாதிரி ஒன்றும் சொல்லவில்லை. வந்துவிட்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

நாலரை மணி வரை தகவல் இல்லை. உளுந்து ஊறப் போட்டேன். பிறகு அதை மறந்துபோய் இன்னொரு படி எடுத்து ஊறப் போட்டிருக்கிறேன்.

வெயிலு வந்தாள். தாளை என் கையில் கொடுத்தாள், வாசிக்கவில்லை. கட்டத்தில் இருப்பதை நானே வாசித்துக்கொள்ளட்டும் என்று நின்றாள். நான் தாளைத் தள்ளிப் பிடித்தேன், கிட்டப் பிடித்தேன், வாசல் வெளிச்சத்துக்குப் போனேன். பிறகு அவளே வந்து தோளுக்குப் பின்னால் நின்று விரலை வைத்தாள்.

“தொடரலாம். அடுத்த பருவமும் தற்காலிகமாக. கடைசி ஐந்து நிமிடம் வெளியே அமர வேண்டும்.”

உள்ளூர் காலேஜுக்கு இது போதுமாம். வெளியே அமர வேண்டும் என்பதைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். கடைசி ஐந்து நிமிஷம்தானே ஆட்டம்?

“எல்லாரும் இருக்கப்ப டீச்சர் நீ எழுதினத வாசிச்சாக ஆச்சி. ஓரத்துல ஏறிப் போனது வரைக்கும்.”

“உனக்கு மானம் போச்சாக்கும்.”

“இல்ல.” அவள் நூலை இழுக்கிறமாதிரி சட்டை ஓரத்தை இழுத்தாள். “ஆனா நீ எழுதினது தப்பு. நீ சொன்னதுக்காக நான் அடிக்கல. எனக்கே அடிக்கணும்போல இருந்துச்சு. நாலு வாரமா எல்லாரும் இசக்கிக்கா, இசக்கிக்கான்னு... எனக்கு ஒரு தடவ சத்தம் வேணும்போல இருந்துச்சு.”

அவள் சொன்னதில் பாதி என்னைக் காப்பாற்றச் சொன்னது. மற்ற பாதி நிஜமாக இருக்கலாம். எது எந்தப் பாதி என்று நான் கேட்கவில்லை.

மகனுக்கு நான்தான் போன் போட்டேன். “இன்னும் ஒரு வருஷம் தற்காலிகமா? எத்தன நாளைக்கும்மா இப்படி?” என்றான்.

“நான் கையெழுத்துப் போட்டாச்சு. மடிக்கிற வேலைக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லு.”

இரண்டு படி உளுந்துக்கு மாவு ஆட்டியிருக்கிறோம். தெருவுக்கே இட்லி.

மார்ச் 10, ஞாயிறு

பயிற்சி பார்க்கப் போனேன். பந்தலில் ஜக்கம்மாவுக்கு இடம் பிடித்து வைத்துவிட்டு, நான் சுற்றிக்கொண்டு போய் கோலுக்குப் பின்னால் கம்பிவலை ஓரமாக உட்கார்ந்தேன். ஜக்கம்மா அங்கிருந்தே கத்தினாள்: “மதினி, வழி தெரியாமப் போய்ட்டீரா? இங்கன இருக்கேன்!”

வெயிலு என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். “ஆச்சி, இங்க பந்து வரும். தள்ளி உக்காரு.”

“வலை இருக்கு, நீ போ.”

கோட்டில் வந்து நின்றாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் பத்தடிதான். ஒரு கால் கோட்டுக்கு வெளியே. குனிந்தாள். ஸ்டிக்கைப் பந்தோடு ஒட்ட வைத்தாள். பசை தடவிய லேபிளைப் பெட்டியில் வைக்கிறபோது நாங்கள் விரலை வைப்போமே, அதேமாதிரி, மேலே அழுத்தாமல். உடம்பு முழுவதும் முன்னால் போனது. பந்து போய்விட்டது.

சத்தம் வரவில்லை. துளிகூட இல்லை. அங்கே தூரத்தில் இசக்கி அடித்த பிறகுதான் டொக் என்றது, பலகை டமார் என்றது, பந்தலில் ஜக்கம்மா, “இசக்கி!” என்று கத்தினாள்.

இரண்டு மாதமாகப் பந்தலில் உட்கார்ந்து அந்த டொக்கை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெயிலு திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பந்தை எடுத்துக் கோட்டில் வைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டு எண்ணினேன். இன்று பதினெட்டு.

வீட்டுக்கு வந்து டைரியைத் திறந்தால், வரும் வியாழன் பக்கத்தில் என் கையெழுத்து இல்லாத எழுத்து இருக்கிறது. எனக்குத் தெரியவேண்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறாள்: ‘காலை 9 மணி, கண் ஆஸ்பத்திரி. நான் கூட வருவேன். சோற்றில் கல் கிடந்தால், அரிசி அப்படி என்று சொல்லக் கூடாது.’

அதன் பக்கத்தில் ஒரு கிளி ஒட்டியிருக்கிறது. பசை அதிகம். நாலு பக்கமும் பிதுங்கி நிற்கிறது. லேபிள் ஒட்ட அவளுக்கு வரவில்லை.